பேய் கேட்ட மருந்து

"யாரு நீ? எந்த மலையில இவளப் புடிச்ச? சொல்லு!"

வீரமுத்துக் கோடாங்கி உடுக்கையைப் பாக்கியத்தின் காதருகே கொண்டுபோய் அடித்தார். தலைமுடியை விரித்துப் போட்டபடி அவள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக ஏறிவிட்ட நேரம். அவளுக்கு மட்டும் உடம்பெல்லாம் புல்லரித்துப் பற்கள் தந்தியடித்தன. மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. நடுநடுவே வாய் கிழிந்துவிடும்போலக் கொட்டாவி விட்டாள்.

பேய்க்குக் கொட்டாவி வருமா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது.

கோடாங்கி விபூதியை அள்ளி அவள் முகத்தில் வீசினார். "சரி, பேரு சொல்லாட்டிப் போ. என்னா வேணும் ஒனக்கு? சேவலா? சாராயமா? சுருட்டா? கேளு, குடுக்குறோம். வாங்கிக்கிட்டு இவள விட்டுறணும்."

பாக்கியம் தலையை நிமிர்த்தினாள். ஆடவில்லை, உறுமவில்லை. பசித்த பிள்ளை சோறு கேட்பதுபோலக் கேட்டாள்.

"மருந்து."

"என்னா மருந்து?"

"ஆஸ்பத்திரி மருந்து. வயித்துவலி மருந்து. ஒரே ஒரு மூடி."

கூட்டத்தில் யாரோ, "செத்துப்போன டாக்டரு பேயா இருக்கும்டா" என்றான். ஆண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. எட்டத்தில் பாக்கியத்தின் மாமியார் காத்தாயி பேத்தியை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாக்கியத்தின் கண் நொடிக்கொருதரம் அந்தப் பிள்ளையின் பக்கமே போய்வந்தது.

அந்தப் பிள்ளை அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் இந்த வாரக் கதை.

நான் அங்கே எப்படி

போன வாரம் பட்டிப்பொல ஸ்டேஷன் குளிரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மகன், "அம்மா, எப்பப் பார்த்தாலும் குளிரும் மழையும்தானா? மனுசங்களே கிடையாதா?" என்று கேட்டான். அவன் கொழும்பில் வளர்ந்தவன். மலையில் குளிரையும் மனிதர்களையும் தனித்தனியாக எழுத முடியாது என்பது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? போகட்டும். இந்த வாரம் மனிதர்கள்.

ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் டயகமப் பக்கம் ஒரு கணக்கப்பிள்ளையின் மகள். பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கல்யாணமாகாத பெண் பிரசவம் பார்ப்பதா என்று முதலில் முணுமுணுத்தார்கள். பத்துப் பிள்ளைகளைக் கையில் ஏந்திக் கொடுத்த பிறகு 'நர்சம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்றும் பெயர் எடுத்திருந்தேன். இன்றைக்கும் அது குறைந்தபாடில்லை.

ஆணுக்குத் தவறணை

சம்பள நாள் சாயங்காலம் ஆண்கள் எல்லோரும் தவறணைக்குப் போவார்கள். சாராயமோ கள்ளோ குடித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மேடேறி வருவார்கள். பாக்கியத்தின் புருஷன் சுப்பையாவும் அதில் ஒருவன். நல்லவன், குடித்தால் அழுவான், அவ்வளவுதான். மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அவன் கை நடுங்கினால் கங்காணியே, "என்னடா, சரக்கு பத்தலையா?" என்று கேட்டுச் சிரிப்பார். அந்த நடுக்கத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

பெண் குடித்தால்? குடிக்கக் கூடாது. ஆனால் ஒரு வழி உண்டு. சாமி வந்தோ பேய் பிடித்தோ ஆடினால், அது கேட்கிற சாராயத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். திருவிழாவில் ஒரு பெண் அரைப் போத்தலை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் போய்ப் பொங்கல் பானையைக் கிளறியதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடித்தது சாமியல்லவா!

மற்ற நாளில் பெண்களுக்கு இருந்தது வெற்றிலையும் போயிலையும். விடியற்காலைக் குளிரில் வெறும் வயிற்றோடு மலையேறுகிறவளுக்கு, கன்னத்தில் அடக்கிய போயிலைதான் காலைச் சாப்பாடு. அதற்கும் அடங்காத வலி இருந்தால் ஆஸ்பத்திரி.

கை தாராளமான ஐயா

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் ஒரு நீளமான அறை, உட்கார ஒரு வாங்கு, அலமாரி நிறையப் பெரிய போத்தல்கள். மருந்து வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுவர வேண்டும். அரிஷ்டப் போத்தல், மண்ணெண்ணெய் வாடை போகாத போத்தல் என்று எல்லாம் வரும்.

அங்கே நெடுங்காலம் இருந்த டாக்டரய்யா ரொம்ப நல்ல மனிதர். காய்ச்சலுக்கு ஒரு மருந்து, இருமலுக்கு ஒரு மருந்து. வயிற்றுவலி, இடுப்புவலி, கால்குடைச்சல், தூக்கமில்லை என்று பெண்கள் எதைச் சொன்னாலும் அந்தப் பழுப்பு மருந்துதான். கற்பூரவல்லியும் பெப்பர்மிண்டும் கலந்தமாதிரி ஒரு வாசனை. ஒரு மூடி குடித்தால் தொண்டையில் இனிப்பாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் வலி எங்கே போனது என்று தேட வேண்டும். அதில் அபின் இருந்தது. அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை. போத்தலை நிரப்பி, "போய்ட்டு வா தாயி" என்று அனுப்புவார். அவருடைய கை அப்படி. நல்லவர்களால் வருகிற கேட்டுக்கு நாம் யாரைத் திட்டுவது? எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் வர மறுக்கிறது.

லயத்தின் ஓர் அறையில், அதாவது ஒரு காம்பராவில், மருந்து தீர்ந்தால் பக்கத்துக் காம்பராவில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், உப்புக் கைமாற்று வாங்குவதுபோல. பெரிய மனுஷியான பெண்பிள்ளை மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், அத்தையோ சித்தியோ ஒரு மூடி ஊற்றிக் கொடுத்து, "எந்திரிச்சு வேலைக்குப் போ, பேரு விழட்டும்" என்பார்கள். பேர் விழுவது என்றால் அன்றைய வேலை கணக்கில் ஏறுவது. வலிக்கிறது என்று படுத்துவிட்டால் பேர் கிடையாது.

பாக்கியத்துக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. பாவாடை தாவணி வயதில் மாதத்துக்கு ஒரு மூடி. கொழுந்துக்கூடை முதுகில் ஏறிய பிறகு வாரத்துக்கு ஒன்று. பிள்ளை பிறந்து இடுப்பு விட்டுப்போன பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பிறகு கணக்கு அவளிடமே இல்லை. யாரும் அவளைக் குடிகாரி என்று சொல்லவில்லை. "பாவம், வயித்துவலிக்காரி" என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அழாத பிள்ளை

அவளுடைய மகள் லெச்சுமி தவழ்கிற பருவம். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு நல்ல பெயர். "இதுமாதிரி புள்ள கெடைக்கணும் நர்சம்மா. அழவே அழாதுங்க. போட்ட எடத்துல கெடக்கும்" என்று அங்கே பார்த்துக்கொள்கிற ஆயா என்னிடம் பெருமையாகச் சொல்வாள். தொட்டில் தொட்டிலாகப் பிள்ளைகள் கத்தும் இடத்தில் இவள் மட்டும் அரைக்கண் மூடிக் கிடப்பாள். தாயின் உடம்பில் இருப்பது பாலில் இறங்காமல் எங்கே போகும்? அப்போது எனக்கும் அவள் சமர்த்துப் பிள்ளையாகத்தான் தெரிந்தாள்.

பழைய டாக்டரய்யா ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். தோட்டமே திரண்டு அழுதது. அவருடைய இடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புது ஐயா வந்தார். கஞ்சி போட்ட சட்டை, சிரிக்காத முகம். வந்த அன்றே அலமாரியைத் திறந்து பார்த்தார். பழுப்புப் போத்தலை எடுத்து முகர்ந்தார். உள்ளறைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அவர் செய்தது சரிதான். ஆனால் ஒரே நாளில் செய்தார்.

மற்றப் பெண்கள் சில நாள் சிடுசிடுத்து, வெற்றிலையைக் கூட்டிச் சமாளித்தார்கள். பாக்கியத்தால் முடியவில்லை. மறுநாளே வியர்வையும் நடுக்கமும். மூன்றாம் நாள் மலையில் கூடையோடு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அதே சமயத்தில், அழவே அழாத லெச்சுமி வீறிட்டு அழ ஆரம்பித்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் வந்தால் அது என்ன? லயம் முழுக்க ஒரே பதில்தான். பதின்மூன்றாம் நம்பர் மலையின் முனி அடித்துவிட்டது.

காத்தாயி பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தான் பெற்றதில் மூன்றை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். "பேயி புடிச்சவ மடியில புள்ளய விடமாட்டேன். இவள அவ அண்ணன் தோட்டத்துக்கு அனுப்பிருவேன். புள்ள எங்கிட்ட வளரட்டும்" என்று வாசலில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடுத்த ஞாயிறு கோடாங்கி வந்தார்.

ஐயாவோடு சண்டை

'ஒரே ஒரு மூடி' என்று அவள் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோடாங்கி அன்றைக்கு உடுக்கையைக் கீழே வைத்து, "பேயி முழுசா வாய தொறக்கல. வெள்ளிக்கிழம மறுபடி கேப்போம்" என்று சொல்லி எழுந்தார். நான் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"ஐயா, அந்தப் பழுப்பு மருந்து கொஞ்சம் வேணுங்க."

"குடுக்கேலாது பிள்ளை. உதுக்குள்ள அபின் கிடக்கு. அந்த மனுசன் தண்ணி மாதிரி வாத்துப்போட்டுப் போயிட்டார்."

"அதனாலதாங்க கேக்குறேன். பாக்கியத்துக்குப் பேய் இல்ல. நீங்க பூட்டுனதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பழகிப்போனாள் எண்டுறீர்?"

"சுப்பையாவுக்குக் கை நடுங்குனா ஊரே சிரிச்சிட்டு ஒரு கிளாஸ் வாங்கிக் குடுக்குது. இவளுக்கு நடுங்குனா வேப்பில அடி. அவனுக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போவும். இவளுக்குப் புள்ள போவுதுங்க ஐயா."

கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை, வாங்கில் மருந்துக்குக் காத்திருக்க யாரும் இல்லை. ஐயா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு சாவியை எடுத்தார்.

"சட்டெண்டு நிப்பாட்டினது என்ர பிழைதான். துளி துளியாக் குறைச்சுக்கொண்டு வரவேணும். குறையிறது அவளுக்குத் தெரியக் கூடாது. சீனியைக் கருக்கித் தண்ணியில கரைச்சா நிறம் சரிவரும். வாசத்துக்கு ரெண்டு சொட்டு பெப்பர்மிண்ட். நானே கலந்து தாறன். போத்தலை அவளின்ர கையில குடுத்துப்போடாதையும். நீரே போய்ப் பருக்கவேணும்."

சிரிக்காத அந்த முகத்தை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

பேய் மெதுவாகப் பேசியது

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் தினம் ஒரு வேளை அபின் குடிக்கிற மருமகள் என்று தெரிந்தால் காத்தாயி பிள்ளையைக் கொடுப்பாளா? பேயாவது பரவாயில்லை, பேய் போய்விடும். குடிகாரி என்ற பெயர் போகுமா? சுப்பையாவுக்கு அந்தப் பெயர் ஒட்டவேயில்லை. இவளுக்கு ஒட்டினால் பேத்தி காலம்வரை நிற்கும்.

மறுநாள் காலை கோடாங்கியைத் தேடிப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து, கறுப்புத் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. சங்கதியைச் சொன்னேன்.

"பேயி சொல்றத நான் மாத்த முடியாதுங்க நர்சம்மா. தொழிலு பாருங்க."

"மாத்த வேணாம். கேட்டுச் சொன்னாப் போதும்."

அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "அது மெதுவாப் பேசுனா எனக்கு மட்டுந்தான் கேக்கும். அதுல ஒண்ணும் தப்பில்ல."

"புள்ளயும் அவ கையில இருக்கணும்."

"புள்ளய பேயி கேட்டுச்சுன்னா காத்தாயி ஊரையே கூட்டிருவா. அத வேற மாதிரிச் சொல்லணும். நீங்க போங்க, நா பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி உடுக்கை. கோடாங்கி குனிந்து பாக்கியத்தின் வாயருகே காதை வைத்தார். அவள் பாவம், கொட்டாவிதான் விட்டாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னார்.

"இது ஆஸ்பத்திரி வழியில புடிச்ச பேயி. ஆஸ்பத்திரி மருந்துக்குத்தான் எறங்கும். தெனம் சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிஞ்சதும் நர்சம்மா கையால குடிக்கணும். இன்னொண்ணு. இந்தப் பேயிக்குப் பச்சப் புள்ளன்னா பயம். புள்ள மடியில இருந்தாத்தான் ஒவ்வொரு படியா எறங்கும். புள்ள இல்லாமக் குடிச்சா மருந்தயும் குடிச்சிட்டு உள்ளயே உக்காந்துக்கும்."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காத்தாயி பிள்ளையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கோடாங்கியைப் பார்த்தாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டாள்.

"அதுதான் புள்ளயப் பாத்துப் பயப்படுது காத்தாயி. நீ எதுக்குப் பயப்படுற?"

சாயங்காலங்கள்

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நிறைந்துவிடும். கொழுந்து நிறுக்கிற சத்தமெல்லாம் ஓய்ந்து, லயத்தில் அடுப்புப் புகை எழும்பும் நேரம். பாக்கியம் கைகால் கழுவிவிட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்காருவாள். காத்தாயி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நான் மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். குடித்து முடித்து, கோடாங்கி கொடுத்த விபூதியைப் பூசி, கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். பிறகு காத்தாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

முதலில் லெச்சுமி தாயின் மடியில் நெளிந்து, பாட்டியிடம் போகக் கை நீட்டினாள். பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மருந்து குறையக் குறைய அவளுக்கும் சில நாள் மோசமாக இருந்தது. கால் குடைகிறது, தூக்கம் வரவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னுங்கொஞ்சம் ஊத்துங்க நர்சம்மா" என்று கெஞ்சுவாள். நான் ஊற்றவில்லை. திட்டினேன், கதை சொன்னேன், காலைப் பிடித்துவிட்டேன்.

மெல்ல மெல்ல மாறியது. பாக்கியத்துக்குப் பசி எடுத்தது. ரொட்டியும் சம்பலும் கேட்டுச் சாப்பிட்டாள். கன்னம் கொஞ்சம் உப்பியது. லெச்சுமி இப்போது மற்றப் பிள்ளைகள்போலக் கத்தினாள், கடித்தாள், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போட்டாள். "நல்லாயிருந்த புள்ள, இப்ப ராங்கி புடிச்சிருச்சு" என்று ஆயா குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. மடியில் வைத்ததும் அவள் தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துச் சப்புவாள். காத்தாயி தூக்க வந்தால் விடமாட்டாள். காத்தாயியும் தூக்க வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்தாள்.

போத்தலில் அபின் சொட்டுச் சொட்டாகக் குறைந்து, ஒருநாள் முழுக்கக் கருகின சீனித்தண்ணி ஆனது. உடனே நிறுத்த வேண்டாம், அவளுக்குப் பயம் வரும் என்று ஐயா சொன்னார். அதனால் வாசனையோடும் நிறத்தோடும் இன்னும் சில வாரம் அதையே கொடுத்துவந்தேன். பிறகு கோடாங்கிக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்து, உடுக்கையைத் தட்டி, எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கி, "போயிருச்சு. இனி வராது" என்றார். அன்றைக்கும் பிள்ளை பாக்கியத்தின் மடியில்தான் இருந்தாள். காத்தாயி வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். லெச்சுமி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காத்தாயி கையை மடக்கிக்கொண்டு, "அவகிட்டயே இருக்கட்டும். எனக்கு அடுப்புல சோறு கொதிக்குது" என்று உள்ளே போனாள். உள்ளே அடுப்பு இன்னும் பற்றவைக்கவேயில்லை என்பது வாசலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து, பிள்ளையின் சளிக்கு மருந்து வாங்க பாக்கியம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இடுப்பில் லெச்சுமி, கையில் நன்றாகக் கழுவிய போத்தல். வாங்கில் வேறு யாரும் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"நர்சம்மா, கடசியில குடுத்தது வெறும் சீனித்தண்ணிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அது தண்ணியான அன்னிக்கே தெரியும். இத்தன வருசமாக் குடிச்ச நாக்குங்க."

"அடிப்பாவி! பின்ன ஏன் இத்தன வாரமா ஒண்ணும் சொல்லாமக் குடிச்ச?"

பாக்கியம் இடுப்பிலிருந்த பிள்ளையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா புள்ளய யாருங்க கொண்டாந்து மடியில வெப்பாங்க?"